மருமகனே, முதல்ல சோபாவைக் கவுத்திப் போடும்

நீரு அனுப்புன போட்டோ எல்லாம் வந்து சேந்துச்சு வே, மருமகனே. மொத்தம் பதினொண்ணு. பொண்ணு பாக்க அனுப்புதவங்க கூட ரெண்டோட நிறுத்திக்கிடுவாங்க. நீரு சோபாவுக்கு முன்பக்கம், பின்பக்கம், கிழிஞ்ச இடம், கிழியப்போற இடம்னு ஒண்ணு விடாம எடுத்து, அடியில "மாமா, இதுக்குத் துணி மாத்தவா, இல்ல தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கவா?"ன்னு கேட்டிருக்கீரு. நீரு கேட்டது ராத்திரி பத்தே கால். பத்தரைக்கு உம்ம வீட்டுக்காரி புதுச் சோபா படத்தைக் குடும்பக் குரூப்புல போட்டு, நாலு பேரு கையும் தட்டியாச்சு. தாலி கட்டி முடிச்சிட்டுப் பொருத்தம் பாக்க வந்திருக்கீரு. போகட்டும். கேட்ட வாய்க்கு ஒரு பதில் வேணும்லா, சொல்லுதேன்.

புதுசைப் பாத்தேன். மூலையில மடங்கி, சாம்பல் கலர்ல, மழையில நனைஞ்ச எருமை படுத்துக் கிடக்குத மாதிரி இருக்கு. குத்தமாச் சொல்லல, எருமை நல்ல உருப்படி, பால் தரும். விலை 58,000, மாசத் தவணை, வட்டியே கிடையாதுன்னு கடைக்காரன் சொன்னானாம். வட்டியில்லாம துட்டு தார புண்ணியவானை எழுபத்தாறு வருஷமா இந்த ஊர்ல தேடுதேன். அவன் சென்னையில சோபாக்கடை வச்சிருக்கான்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. ரசீதுல கீழ எறும்பு ஊருத மாதிரி 'பிராசஸிங் பீஸு'ன்னு எழுதியிருக்கும், கண்ணாடியப் போட்டுப் பாரும்.

இன்னொண்ணும் அவங்கிட்ட கேளும். துணிக்கு உள்ள சட்டம் என்ன மரம்? "இன்ஜினியர்டு வுட்"ம்பான். உம்ம கூடப் படிச்ச மரம்னு சந்தோஷப்பட்டுராதேயும். மரத்தூளையும் சிராயையும் பசை ஊத்தி அமுக்குன பலகைக்கு அப்படி ஒரு பேரு. சுவத்துல மாட்டுத அலமாரிக்கு அது போதும், பிழைச்சுக்கிடும். தினம் ஈரத்துணி போட்டுத் தரை துடைக்கிற வீட்டுல, தரையோட ஒட்டிக் கிடக்குத சாமானுக்கு ஆகாது. தண்ணி ஏறுச்சோ, கல்லிடைக்குறிச்சி அப்பளம் எண்ணெயில விழுந்த மாதிரி உப்பும். அப்பளத்தையாவது திங்கலாம்.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம். அந்த ஏழாவது போட்டோ. கிழிஞ்ச துணியை விலக்கிச் சட்டத்தைப் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, "மாமா, மரத்தைப் புழு துளைச்சிருச்சு"ன்னு எழுதியிருந்தீரே, அது. உம்ம அத்தையக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவ சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு மடியில விழுந்துட்டு. ஏன் வே, எந்தப் புழுவாவது டேப்பு பிடிச்சு அளந்து, அரை அங்குலத்துக்கு ஒண்ணா, ஒரே நேர்கோட்டுல, நாலு பக்கமும் சுத்தி வந்து துளைக்குமா? அப்படி ஒரு புழு இருந்தா சம்பளம் போட்டு வேலைக்குல்லா வைக்கணும்! அது பிரம்பு பின்னுததுக்கு ஆசாரி போட்ட துளை.

உங்க அம்மைக்குக் கல்யாணம் 1979ல. அதுக்கு முந்தின வருஷமே எங்க அய்யா என்னையும் கூட்டிக்கிட்டு செங்கோட்டைக்குப் போயி, அறுவை மில்லுல ரெண்டு நாள் குந்த வச்சு உக்காந்து, தேக்குக் கட்டையைத் தட்டித் தட்டிப் பாத்து வாங்குனாரு. வெளிமரத்தைப் பூராவும் செதுக்கித் தள்ளிட்டு, வைரம் பாஞ்ச நடுக்கட்டையை மட்டும் அறுத்து, மச்சுல அடுக்கிக் காயப் போட்டோம். வெளிமரம் கரையானுக்குச் சோறு. நடுக்கட்டையில எண்ணெய்ப்பசை உண்டு, கரையான் மோந்து பாத்துட்டுப் போயிரும். கட்டை காயுத வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளி வச்சாருன்னு கூட ஊர்ல ஒரு பேச்சு உண்டு. பொறவு ஆசாரி நம்ம தார்சாலேயே உக்காந்து இழைச்சு, ஒரு இரும்பாணி வைக்காம, கழுந்தும் துளையும் கோத்து, ஊடால மூங்கில் ஆணி அடிச்சுச் செஞ்ச சீரு அது. கவுத்திப் போட்டுப் பாத்தீருன்னா ஒவ்வொரு மூட்டுப் பக்கத்துலயும் உளியால ரெண்டு கீறல், மூணு கீறல்னு இருக்கும். எந்தக் கழுந்து எந்தத் துளைக்குன்னு ஆசாரி போட்ட அடையாளம். அதுக்கும் வட்டம் போட்டு, எலி கடிச்சிருச்சுன்னு அனுப்பிராதேயும், உம்ம அத்தைக்கு இனிமே பல்லு இல்லை.

ஆக, அது பிறந்தப்ப பிரம்புச் சோபா. கீழயிருந்து காத்து வரும். 1987ல டிவியில ராமாயணம் ஆரம்பிச்சுதுல்லா, ஞாயித்துக்கிழமை காலையில தெருவே உங்க வீட்டுப் பட்டாசல்ல வந்து உக்காந்துச்சு. பிரம்பு எத்தனை பேரைத் தாங்கும்? ஒரு நாள் நடுப்பின்னல் தெறிச்சு, எதித்த வீட்டு ஆச்சி இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டா. இலங்கை எரிஞ்சுக்கிட்டிருந்த நேரம், அவளைத் தூக்கிவிட ஒருத்தரும் எந்திரிக்கல. அதுக்குப் பொறவுதான் உங்க அப்பா பச்சை ரெக்சின் போட்டது. ரெக்சின்ங்கிறது இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்துல ஒரு கம்பெனியோட பேரு. துணியில பூச்சு பூசி, தோல்னு சொல்லி வித்தான். நம்ம ஊர்ல வனஸ்பதி பூராவும் டால்டா ஆன மாதிரி, அவன் பேரே சரக்குக்குப் பேராயிட்டு. சித்திரை மாசத்துல அதுல உக்காந்து எந்திரிச்சா வேட்டி நம்ம கூட வராது. அப்புறம் அது மேலேயே அரக்குக் கலர் வெல்வெட்டு. நீரு கிழிசல்னு படம் எடுத்தது அந்த வெல்வெட்டை. ரெண்டு சட்டைக்கு உள்ள நிக்கவன் அப்படியே நிக்கான்.

அதனால முதல் காரியமா அதைக் கவுத்திப் போடும். போடுததுக்கு முன்னாடி முன்கால் ஒண்ணைப் பிடிச்சு அரைச் சாண் தூக்கும். அந்தப் பக்கத்து முன்காலும் சேந்து எழும்புச்சுன்னா சட்டம் விறைப்பா இருக்கு. ஒண்ணு வந்து இன்னொண்ணு தரையிலேயே முரண்டு பிடிச்சா மூட்டு விட்டுப் போச்சு. விட்டாலும் குடி முழுகல. கழட்டி, பழைய பசையைச் சுரண்டி, புதுசு வச்சு இறுக்குனா இன்னொரு கல்யாணத்துக்குத் தாங்கும். நிஜப் புழுவுக்கு அடையாளம் வேற: குண்டூசித் தலை அளவுக்கு அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஓட்டை இருக்கும். ராத்திரி அடியில ஒரு கறுப்புத் துணியை விரிச்சு வையும். காலையில அதுல முகப்பவுடர் சிந்துன மாதிரி மாவு கிடந்துச்சுன்னா உள்ள குடித்தனம் நடக்கு, மருந்து வைக்கணும். பேனாக்கத்தியால குத்துனா திருநெல்வேலி அல்வாவுல இறங்குத மாதிரி இறங்குச்சுன்னா மட்டும் எனக்குப் போன் போடும், சேந்து அழுவோம்.

கையோட அந்தத் திண்டு மடிப்புக்குள்ளயும் துழாவிப் பாரும். ஒரு நாலணா கிடைக்கும். உம்ம காதுகுத்துக்கு வந்தப்ப நான் விட்டது. 2011லேயே செல்லாமப் போயிட்டு, ஆனாலும் கணக்குன்னு ஒண்ணு இருக்குல்லா.

குஷன் கடைக்காரன் 28,000 கேக்கானா? கேப்பான். துணிக்கு எவ்வளவு, நுரைக்கு எவ்வளவு, கூலி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி வாங்கும். மொத்தமாச் சொல்லுத விலை மொட்டைக்கடிதாசி மாதிரி, யாரைப் பிடிக்கதுன்னு தெரியாது. பழைய ரெண்டு துணியையும் உரிச்சு எறியணும்னு முதல்லயே சொல்லிரும். இல்லைன்னா அது மேலேயே மூணாவதை இழுத்து அடிச்சிட்டு, "பாத்தீங்களா சார், எவ்வளவு மெத்துன்னு இருக்கு"ம்பான்.

நுரைக்கு 32 டென்சிட்டி, 40 டென்சிட்டின்னு ஒரு கணக்கு சொல்லுவான். பயப்படாதேயும். ஒரு கன மீட்டர் நுரை 32 கிலோ நிக்கும், அம்புட்டுதான். 22 அங்குலச் சதுரம், 4 அங்குலக் கனத்துல ஒரு திண்டு வெட்டுனா 32 டென்சிட்டிக்கு ஒரு கிலோவை ஒட்டி வரணும், 40 டென்சிட்டிக்குக் கால் கிலோ கூட. உம்ம வீட்டு அடுக்களைத் தராசைப் பையில போட்டுக் கொண்டு போயி அவன் மேசையில வையும். ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா வையும். தராசைப் பாத்ததும் அவன், "சார், உள்ள வேற குவாலிட்டி இருக்கு, எடுத்துட்டு வாரேன்"னு எந்திரிப்பான். அரைக் கிலோ சரக்கை வாங்கிட்டு வந்தீருன்னா ஆறு மாசத்துல தோசையாயிரும், அடியில சட்டம் இடுப்புல குத்தும், தேக்கைத் திட்டுவீரு.

துணியில ஆசை வைக்காதேயும். தோல் மாதிரியே மினுமினுன்னு ஒண்ணு காட்டுவான். சென்னைப் புழுக்கத்துல நாலஞ்சு வருஷத்துல தேமல் விழுந்து பொருக்குப் பொருக்கா உரியும், அது பூராவும் உம்ம சட்டை முதுகுல ஒட்டிக்கிட்டு ஆபீசுக்கு வரும். கரூர்ல நெய்யுத கெட்டிப் பருத்தி போதும். ஜிப்பு வச்சுத் தைக்கச் சொல்லும், கழட்டித் துவைக்கலாம்.

என்னையக் கேட்டா, நுரையே எதுக்குன்னுதான் கேப்பேன். துளைதான் இருக்கே, திரும்பப் பிரம்பைப் பின்னிட்டாப் போச்சு. பார்வையில்லாதவங்களுக்குக் கத்துக்குடுக்குத தொழில்ல நாற்காலி பின்னுததும் ஒண்ணு. எங்க சொசைட்டி ஆபீசுக்கு அப்படி ஒருத்தர் வருவாரு. பிரம்புநாரைத் தண்ணியில ஊறப்போட்டு, விரல் நுனியாலேயே துளையை எண்ணி, நெடுக்க ஒருதரம், குறுக்க ஒருதரம், பொறவு மூலைக்கு மூலைன்னு பின்னிக்கிட்டே போவாரு. கண்ணுள்ள நாங்க பக்கத்துல நின்னு "தப்பு, தப்பு"ன்னு சொல்லுவோம். முடிச்சுப் பாத்தா தப்பு எங்க கண்ணுலதான் இருக்கும். காயக் காயப் பிரம்பு தம்புராத் தந்தி மாதிரி விறைச்சுக்கிடும். மேல ரெண்டு சின்னத் திண்டை வச்சுக்கிட்டா உம்ம வீட்டுக்காரிக்கும் மெத்துன்னு இருக்கும், உமக்கும் முதுகு வேர்க்காது. சட்டத்துக்கு அவலரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சு ரெண்டு கை பாலிஷ். தீந்தது வேலை.

இவ்வளவு பேசுதவன் யோக்கியன்னு நினைச்சிராதேயும். எங்க தாத்தா உக்காந்த ஈட்டி மரத்து நாற்காலி ஒண்ணு இங்கன இருந்துச்சு. கை அகலமா, காபி டம்ளர் வைக்கலாம். கால் ஆடுதுன்னு சொல்லி, தெருவுல வந்தவங்கிட்ட குடுத்துட்டு நாலு பிளாஸ்டிக் சேர் வாங்கிப்போட்டேன். பெரிய வியாபாரம் பண்ணிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். கொஞ்ச வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனப்ப, முனீஸ்வரன் கோயில் தெருப்பக்கம் நடந்தேன். பழைய சாமான் கடை வரிசை, செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த பர்மாத் தேக்குத் தூணு, கதவு, பெட்டி எல்லாம் அங்கன தூசியோட நிக்கும். ஒரு கடை வாசல்ல அதே ஜாடையில ஒரு ஈட்டி நாற்காலி. விலை கேட்டேன். சொன்னான். கேட்டுட்டு அதுலேயே உக்காந்துட்டேன், தண்ணி வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சாங்க. அந்த நாலு பிளாஸ்டிக் சேர்ல மூணுக்குக் கால் போச்சு, ஒண்ணு கோழிக்கூட்டுக்கு மூடியா இருக்கு.

அதுக்காக இருக்கிறதையெல்லாம் கட்டிப் பிடிச்சு அழச் சொல்லல. எம் மவன், உம்ம மச்சான், தூத்துக்குடியில இருக்கான்லா, கல்யாணத்துக்கு வந்த பிளைவுட் சோபாவுக்கு "சென்டிமெண்ட்"னு 20,000 செலவழிச்சு ரோஸ் கலர்ல துணி மாத்துனான். ஆறாம் மாசம் அவன் மாமனாரு சாய, கைப்பிடி கழண்டு அவரோட கீழ போச்சு. உள்ள பாத்தா பழக்கூடைச் சட்டத்துல பின்னு அடிச்சு வச்சிருக்கு. செத்த மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிச்ச கதை. அதைத் துணியோட தூக்கி எறிஞ்சிட்டு வந்திருந்தா நானே மாலை போட்டு வரவேத்திருப்பேன்.

உங்க அம்மைகிட்ட கேட்டீரா? கேட்டிருக்க மாட்டீரு. கேட்டாலும் "உன் இஷ்டம்பா"ம்பா. எங்க வீட்டுப் பொண்ணு, வாயைத் திறக்க மாட்டா. நாலு நாள் ரசத்துல உப்பு மட்டும் கூடிக் குறையும், அதை வச்சு நீருதான் கண்டுபிடிக்கணும். அப்புறம் அந்தப் புது எருமை உம்ம அபார்ட்மெண்ட் லிஃப்டுக்குள்ள நுழையுமான்னு அளந்தீரா? ஆறாவது மாடி. போன தீவாளிக்கு எதித்த பிளாக்குல ஒரு சோபாவைக் கயிறு கட்டி பால்கனி வழியா இழுத்தாங்களே, நான் அண்ணாந்து பாத்துக் கழுத்துப் பிடிச்சுக்கிட்டது மறந்து போச்சா?

என் தீர்ப்பு, துணி மாத்தும். ஆனா உம்ம வீட்டு விஷயத்துல நான் யாரு தலையிட. கைதட்டுன நாலு பேருக்காகப் புதுசுதான் வாங்குவேன்னா தாராளமா வாங்கும். பழசைத் தெருவுல மட்டும் இறக்கி வைக்காதேயும். நாலு பேரை விட்டு, சாக்குச் சுத்தி, அம்பாசமுத்திரத்துக்குப் பார்சல் லாரியில ஏத்தி விடும். தார்சாவுல நேத்தே இடம் ஒழிச்சு வச்சாச்சு, உம்ம அத்தை சேலைத் தலைப்பால அளந்தும் பாத்துட்டா. லாரி வாடகை உம்ம கணக்கு.