பூனாவுக்கு மேயராகப் போறானாம்!

ஏலே பேராண்டி, பூனாவுக்கு மேயராவணும்னு போன்ல உங்க அம்மைகிட்ட சொன்னியாமே! தாராளமா ஆவுலே. மொதல்ல ஒண்ணு சொல்லு: நீ குடியிருக்க ஹிஞ்சவடி பூனா மாநகராட்சியிலயா இருக்கு? எங்க பாத்தாலும் கண்ணாடிக் கட்டடம், கம்ப்யூட்டர் பிள்ளைய கூட்டம். ஆனா வருஷக்கணக்கா அங்க ஆளுதது கிராமப் பஞ்சாயத்துதான். அதுக்கு நீ இங்கயே பிரசிடெண்டுக்கு நின்னிருக்கலாம்லா? வாடகையாவது மிஞ்சியிருக்கும்.

சரி, மாநகராட்சிக்குள்ள கோத்ரூட் பக்கம் வீடு மாத்திட்டேன்னே வையி. சனங்க நேரா மேயருக்கு ஓட்டுப் போட மாட்டாங்க. நீ வார்டுல ஜெயிச்சு நகர்சேவக், அதாம்லே கவுன்சிலர், ஆவணும். அந்தக் கவுன்சிலருங்க கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுப்பாங்க. அதுக்கும் முந்தி, நாற்காலி இந்தத் தடவை பொம்பளைக்கா, எந்தப் பிரிவுக்குன்னு மும்பைல சீட்டுக் குலுக்குவாங்க. உனக்கு குருபலன் இருந்து என்ன செய்ய, சீட்டு ஒத்து வரணும்லா? வந்தாலும் ரெண்டரை வருஷந்தான்.

அதிகாரமா? 1949ஆம் வருஷத்து மாநகராட்சிச் சட்டப்படி நிர்வாகம் பூரா கமிஷனர் கையில. அவரை அனுப்புதது மாநில அரசு. மேயர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி: மாலை கழுத்துல, பெட்டிச்சாவி மாமனார் மடியில. பிள்ளையாரைக் கரைக்கப் போற அன்னிக்கு ஆரத்தி காட்டி ஊர்வலத்தைத் தொடங்கி வைக்கலாம். போட்டோ நல்லா விழும். 2022 மார்ச்சுல கவுன்சில் காலம் முடிஞ்சுது. பெறவு தேர்தலே நடத்தாம வருஷக்கணக்குல கமிஷனரே ஊரை ஓட்டினாரு. குழாயில தண்ணி வரலைன்னா ஏசுததுக்குத்தான் ஒரு ஆளில்லாமப் போச்சு!

அதுக்காக மேயர் பதவியை எளக்காரமா நெனச்சிராத. அங்க மேயரா இருந்த முரளிதர் மொஹோளைப் பாரு. முள்சி தாலுகாவுல முட்டாங்கிற கிராமத்துக்காரரு, கோலாப்பூருல மல்யுத்தம் பழகினவரு. 2017ல நிலைக்குழுத் தலைவரானாரு. பட்ஜெட்டும் டெண்டரும் அங்க வந்துதாம்லே போவணும்! மேயர் நாற்காலி பெறவுதான், 2019 நவம்பர்ல. உக்காந்த சூடு ஆறல, 2020 மார்ச்சுல கொரோனா. மகாராஷ்டிராவுலயே மொதல்ல தெரிஞ்சது பூனாலதான். சூலையில அவரையும் பிடிச்சுது. தப்பிச்சு எந்திரிச்சு, 2024ல 1.23 லட்சம் ஓட்டு வித்தியாசத்துல எம்.பி. ஆகி, இப்ப விமானப் போக்குவரத்துக்கு இணை அமைச்சர். ரோட்டுக் குழிக்குப் பதில் சொன்னவரு கையில ஆகாயத்தைக் குடுத்துட்டாங்க. அங்க குழி கெடையாது பாரு.

அவருக்கு முந்தின மேயர் முக்தா திலக்கும் 2019ல கசபா பேட்டைக்கு எம்.எல்.ஏ. ஆனாங்க. நம்ம பக்கம் மட்டும் என்ன, 1996ல சென்னைக்கு மேயரான ஸ்டாலின்தான் 2021ல முதலமைச்சர் ஆனாரு. நடுவுல இருவத்தஞ்சு வருஷம்! நீ லிஃப்ட் வர ரெண்டு நிமிஷம் ஆனாலே கால் மாத்தி நிக்கவன்.

அதனால நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எந்திரி. தண்டால் எடு. மராத்தி படி, ஆட்டோக்காரங்கிட்ட இந்தியில முழிக்கவன் வார்டுல என்னத்தைப் பேசப் போற? மறந்துட்டேனே, உன் வாக்காளர் அட்டை இங்க அரிசிப் பானைக்கு அடியிலதான் கெடக்கு. போன எலெக்சனுக்கு வந்து ஒரு ஓட்டுப் போட உனக்கு லீவு கிடைக்கல. அனுப்பி வைக்கேன், தபால் செலவு உன் கணக்கு.