கனகராயன்குளத்தை வீட்டில் விட்டுவிட்டு ஆங்கிலக் கட்டுரை எழுதுவது எப்படி?

முதலில் குளத்தைக் கைவிடுங்கள். ஏ9 வீதியில் புளியங்குளம் தாண்டி, மாங்குளம் வரமுன் இறங்குகிற உங்களுக்கு இது கஷ்டம்தான். இருந்தாலும் லண்டனில் பிறந்த மச்சானுக்கு, "எங்கட பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பெரிய ரேங்க் ஒன்று இருக்கு" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கடிதம் வன்னியிலிருந்து போகிறது. பெடியன் பயப்படாமல் என்ன செய்வான்? 1915இல் பிரித்தானியர் புதுப் போர் வண்டியை ஒளித்துச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று பொய் சொல்லித்தான் அதற்கு 'ரேங்க்' என்ற பெயர் வந்தது. தண்ணீர்தான் மூத்தது. கட்டுரையில் இதைச் சொல்லாதீர்கள், புள்ளி கிடையாது.

மாரியில் குளம் வான் பாய்ந்தாலும் வாய் திறக்கவேண்டாம். "த ரேங்க் இஸ் ஜம்பிங் வான்" என்று எழுதின ஒருவனை எனக்குத் தெரியும். திருத்தினவர் கொழும்பில் வளர்ந்தவர். சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'யாருடைய வான்?' என்று கேட்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் முழுதாக அகப்படுவது லீவுக் கடிதத்தில். நமக்குப் பழக்கமானது இப்படி: அதிபரின் சுகம் கேட்டு, மழை பிந்தினதைச் சொல்லி, அம்மம்மாவின் முழங்கால் வலிக்கு வந்து, அப்பா வயலில், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேறு ஆளில்லை என்று விளக்கி, கடைசி வரியில் வெட்கத்தோடு ஒருநாள் லீவு. படலை திறக்கமுதலே கடன் கேட்கிறவனை நம்மூரில் யார் மதிப்பார்கள்? ஆங்கிலத்தில் படலையிலேயே கேட்கவேண்டும். முதல் வரியில் லீவு. அம்மம்மாவுக்கு மிஞ்சிப் போனால் அரை வரி. சின்னம்மா, பெரியம்மா, மாமி எல்லாரும் 'ஆன்ட்'. மூன்று பேரும் ஒரே கலியாணவீட்டுக்கு வந்திருந்தால், அந்தக் கலியாணத்தை எழுதாமல் விடுவது நல்லது.

அமெரிக்க மொழியியலாளர் ரொபேர்ட் கப்லான் 1966இல் இதற்குப் படமே கீறினார். ஆங்கிலத்துக்கு நேர்கோடு, 'கீழைத்தேயத்துக்கு' உள்ளே சுழன்று போகும் சுருள். அவர் மனதில் இருந்தது சீன, கொரிய மாணவர்கள். தமிழுக்கென்று கோடு கீறவில்லை. நீங்களே கீறிக்கொள்ளலாம்: துருசில் தொடங்கி, வாய்க்காலால் ஓடி, ஒவ்வொரு வரம்பிலும் மடை திறந்து, ஆகக் கடைசியில் உங்கள் வயலுக்கு வருகிற தண்ணீர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜாவை மட்டும் வாசிக்காதீர்கள். (பெயரை வைத்து நம்ம ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடவும் வேண்டாம்.) தமிழறிஞர் கா. சிவத்தம்பியின் ஆய்வுக்கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2006இல் அவர் எழுதினார்: ஒன்று தமிழில், ஒன்று உள்ளூராருக்கு ஆங்கிலத்தில், ஒன்று வெளிநாட்டாருக்கு ஆங்கிலத்தில். ஆள் ஒருவர், எழுத்து மூன்று விதம். அப்படியென்றால் சுருள் மண்டைக்குள் இல்லை, யாருக்குச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. சோதனைக்கு முதல்நாள் இதெல்லாம் காதில் விழக்கூடாது.

முடிக்கும்போது, "ஐ வில் கோ அன்ட் கம்" வேண்டாம். எங்கே போய் எப்போது வருவாய் என்று கேட்பார்கள். 'குட்பை' போதும். ஆனால் எழுதினதை அம்மம்மாவுக்கு வாசித்து, அர்த்தமும் சொல்லிவிடாதீர்கள்.

"போறன் எண்டே எழுதினனி? வாறன் எண்டு மாத்து பிள்ளை."