கையடக்க ஹெட்போன் ஆம்ப் வாங்கத் தகுமா: ஒரு பொருளதிகார ஆய்வு

கையடக்க ஹெட்போன் ஆம்ப் என்பது செல்போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் நிற்பதற்காகக் காசு கொடுத்து வாங்கப்படும் சிறு பெட்டி. உள்ளே ஒரு பேட்டரி, ஓரிரு சில்லுகள், ஒரு வால்யூம் திருகு. வெளியே ஒரு நீல விளக்கு. வருகிற மின்னலையின் வோல்ட்டைக் கூட்டி, ஹெட்போன் கேட்கும் மின்னோட்டத்தைத் திணறாமல் தருவது சில்லுகளின் தொழில். நீல விளக்கின் தொழில் பற்றி நூல்கள் எதுவும் கூறவில்லை. இப்போது வரும் பெட்டிகளில் டிஜிட்டல் கோப்பை ஒலியலையாக மாற்றும் டாக் சில்லும் சேர்ந்தே இருக்கிறது. இவ்வாய்வு இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது. விற்பவரும் அப்படித்தான் கொள்கிறார்.

இப்பெட்டி தேவையா என்பது ஒரு வினா. வாங்கலாமா என்பது வேறொரு வினா. முதலாவது ஐந்து நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். இரண்டாவது மாதக்கணக்கில் இழுத்து, பெரும்பாலும் சம்பளத் தேதியன்று தீரும். இத்துறையில் உள்ள குழப்பங்களில் பெரும்பகுதி, இரண்டாம் வினாவின் விடையைக் கொண்டுபோய் முதல் வினாவுக்குக் கீழே எழுதுவதால் விளைவது.

தோற்றம் குறித்து அதிகக் கருத்து வேறுபாடு இல்லை. 1998இல் சூ மோய் என்பவர் ஒரு சிறு ஆம்புக்கான வரைபடத்தை வெளியிட்டார். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சில்லு, சில மின்தடைகள், மின்தேக்கிகள். பள்ளி மாணவனே பற்றவைத்துவிடக்கூடிய எளிமை. ஆல்டாய்ட்ஸ் என்ற பெப்பர்மின்ட் மிட்டாயின் தகர டப்பாவுக்குள் அதைப் பொருத்துவது மரபாயிற்று. மிட்டாய் டப்பாவைத் தவிர மற்ற உறுப்புகள் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அக்காலத்துக் கையடக்க சிடி பிளேயர்கள் பெரிய ஹெட்போன்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்தன. ஆகவே சூ மோயின் டப்பா ஒரு தேவைக்குப் பிறந்தது. பின்னால் வந்த பல பெட்டிகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது.

இரண்டாம் மைல்கல் 2011. என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயருக்குள் ஒளிந்திருந்த ஒருவர், ‘ஆப்ஜெக்டிவ் 2’ என்ற ஆம்பின் முழு வரைபடத்தையும் அளவீடுகளையும் இலவசமாக வெளியிட்டார். நல்ல ஆம்புக்குப் பெரும் பணம் தேவையில்லை என்பது அவர் கட்சி. விலையுயர்ந்த பெட்டிகளை அளவுக்கருவியில் வைத்து அம்பலப்படுத்தினார், பகையும் தேடிக்கொண்டார். 2012இல் திடீரென்று மௌனமானார். பாடலின் சொற்றொடரையே பெயராகக் கொண்டு நிலைத்துவிட்ட சங்கப் புலவர்களின் வரிசையில், மின்சுற்றால் மட்டுமே அறியப்படும் இவருக்கும் ஓர் இடம் தரலாம்.

இனித் தேவை பற்றிய கணக்கு. ஹெட்போன் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதவர்களுக்கு இது எளிது. பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: எத்தனை ஓம், எத்தனை டெசிபல். இவற்றில் டெசிபலில்தான் சூது இருக்கிறது. சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்று அச்சிடுகின்றன. சில 1 வோல்ட்டுக்கு. 300 ஓம் ஹெட்போனில் இந்த இரண்டு கணக்குக்கும் ஏறக்குறைய 5 டெசிபல் வேறுபாடு. 16 ஓம் இயர்போனில் 18 டெசிபல். இரண்டையும் ஒன்றென்று எண்ணி, இது அதைவிட உரத்தது என்று வாதிடுபவர்களின் கட்டுரைகளைக் கொண்டே ஒரு நூலகம் அமைக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 1997 முதல் விற்பனையில் இருக்கும் சென்ஹைசர் எச்டி 600 மாடலைக் கொள்க. 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 97 டெசிபல். செல்போனில் ஹெட்போன் துளையை ஒழித்த பிறகு ஆப்பிள் 9 டாலருக்கு விற்ற டாங்கிளின் அமெரிக்க வடிவம் தரும் உச்சமும் ஏறத்தாழ 1 வோல்ட். எனவே இந்த இணை எட்டக்கூடிய எல்லை 97 டெசிபல். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் சராசரி 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சராசரியில் கேட்பவருக்கு மேலே இன்னும் 17 டெசிபல் மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சம் போதுமா என்பதை ஹெட்போன் தீர்மானிப்பதில்லை, பாட்டு தீர்மானிக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சத்தத்தில் இறுக்கிப் பிழியப்பட்ட இன்றைய திரைப்பாடலில் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே 10 டெசிபல்கூட இருக்காது. 9 டாலர் டாங்கிளே காதைப் பதம் பார்த்துவிடும். நேரடியாகப் பதிவு செய்த கச்சேரியின் கதை வேறு. ஆலாபனை தம்புராவோடு தணிந்து நடக்கும்போது கேட்பவர் வால்யூமை முழுக்க ஏற்றி வைத்திருப்பார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் 20 டெசிபலுக்கு மேல் தேவைப்படலாம். அந்த இடத்தில் டாங்கிள் மூச்சு வாங்கும். அடியின் நுனிக்கு இடம் விட்டால் சராசரி 80 டெசிபலை எட்டாது. ஆகவே 300 ஓம் ஹெட்போன் வைத்துக்கொண்டு கச்சேரிப் பதிவு கேட்பவருக்கு 2 வோல்ட் தரும் ஆம்ப் தகும். அதே ஹெட்போனில் குத்துப்பாட்டு கேட்பவருக்குத் தகாது. ரசனைக்கும் வோல்ட்டுக்கும் உள்ள இந்த உறவு போதிய கவனம் பெறவில்லை.

ஐரோப்பாவில் விற்ற கருவி வைத்திருப்போர் தனி வகை. காதுகளைக் காக்க வந்த ஐரோப்பியத் தரவிதி, கையடக்க பிளேயர்களின் உச்சத்தை 150 மில்லிவோல்ட்டில் கட்டிப்போட்டது. மேற்படி ஹெட்போனில் அது ஏறத்தாழ 80 டெசிபல். அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. இவர்களுக்கு ஆம்ப் தேவை என்பதில் எக்கட்சிக்கும் மறுப்பில்லை.

இயர்போன்காரர்கள் மறு துருவம். 16 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்பது சாதாரணமான ஓர் இயர்போன். அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் கணக்குப்படி 123 டெசிபல் வரும். வந்தபின் கேட்பதற்குக் காது இருக்காது. இங்கே ஆம்ப் சேர்ப்பதால் வருவது சத்தமன்று, தொல்லை. பாட்டு தொடங்கும் முன்பே ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கும். திருகைக் கால்வாசிகூடத் திருப்ப முடியாது. அந்த ஆரம்பப் பகுதியில்தான் மலிவான திருகுகள் இடது காதுக்கு ஒன்றும் வலது காதுக்கு ஒன்றுமாக ஓரவஞ்சனை செய்யும்.

இன்னொரு கோடியில் ஹைஃபைமேன் எச்இ-6 இருக்கிறது. 50 ஓம்தான், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். 110 டெசிபல் உச்சத்துக்கு ஏறக்குறைய 450 மில்லிவாட் கேட்கும். சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டிகளில் பல அதைப் பார்த்துப் பின்வாங்கும். இதை வாங்கியவர் ஸ்பீக்கருக்கான ஆம்பையே இதற்கும் பூட்டுவது வழக்கம். கையடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுருங்கச் சொன்னால், எளிதில் ஒலிப்பதற்கு ஆம்ப் வேண்டாம். மிகக் கடினமானதற்குக் கையடக்க ஆம்ப் போதாது. இடையிலுள்ள ஒரு குறுகிய நிலத்தில்தான் இப்பெட்டிக்குப் பட்டா உண்டு.

சத்தம் தவிர்த்த காரணம் ஒன்றும் உண்டு, அது நியாயமானது. பாட்டு தரும் கருவிக்கும் தனக்கென்று ஓர் உள்மறுப்பு உண்டு. அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது துறையில் வழங்கும் விதி. 16 ஓமுக்கு 2 ஓம். பல சிறு டிரைவர்களை அடுக்கிய இயர்போன்களின் மறுப்பு, சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். உள்மறுப்பு அதிகமான துளையில் செருகினால் அவற்றின் குரலே மாறிவிடும். மடிக்கணினித் துளைகள் சில இக்குற்றம் உடையவை. ஆனால் இந்நோய்க்கும் 9 டாலர் டாங்கிளே மருந்து.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் பெட்டிகள் விற்கின்றன. காரணம், வாங்கியவர் அனைவரும் வேறுபாடு கேட்கிறார்கள். திரை விலகியது என்பார்கள். பாடகர் மூச்சு விடுவது கேட்கிறது என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே இசையை 1 டெசிபல் கூட்டி ஒலித்தால் மனிதக் காது அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு என்று உணர்கிறது. சத்தம் கூடும்போது அடித்தொனியும் உச்சத்தொனியும் எடுப்பாகும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினர். ஆம்பைச் செருகுபவர் திருகைச் சற்றுக் கூடுதலாகவே வைக்கிறார். 8,000 ரூபாய் கொடுத்துவிட்டுக் குறைத்து வைப்பார் யாருமில்லை.

இதைச் சோதிக்க வழி உண்டு, செய்பவர்தான் அரிது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு கருவிகளின் வெளியீட்டையும் ஹெட்போன் செருகிய நிலையில் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டும் 1 சதவீதத்துக்குள் ஒத்துவரும்வரை திருகைச் சரிசெய்ய வேண்டும். பிறகு வீட்டிலுள்ள ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் பிளக்கை மாற்றி மாற்றிச் செருக, எது எதுவென்று 10 முறை சொல்ல வேண்டும். 9 முறை சரியாகச் சொல்வது குருட்டாம்போக்கில் நேர ஏறக்குறைய நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு. அப்படிச் சொன்னவர் தாராளமாக வாங்கலாம். பிளக் மாற்ற அமர்த்தப்பட்டவர் நான்காம் முறையிலேயே அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவது இச்சோதனையின் அறியப்பட்ட குறைபாடு.

ஆகவே வாங்குவதன் உண்மைக் காரணத்தை உரிப்பொருளில்தான் தேட வேண்டும். கூரியருக்காக வாசலைப் பார்த்திருப்பது இருத்தல். அடுத்த மாடல் வந்துவிட்டதே என்பது இரங்கல். விலை வீட்டில் தெரிந்தபின் நிகழ்வது ஊடல்; இது மருதத்துக்கு மட்டும் உரியதன்று, ஐந்து நிலத்திலும் நிகழும். பெட்டியைச் செருகியதும் நிகழ வேண்டிய புணர்தல் முதல் இரவோடு முடிந்துவிடுகிறது என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போகின்றனர்.

கையடக்கம் என்ற அடைமொழியையும் ஆராய வேண்டும். செல்போன் மேல், ஆம்ப் கீழ், நடுவே விரல்நீளக் கேபிள், சுற்றிலும் இரண்டு கெட்டியான ரப்பர் பேண்டு: இதுவே கண்கூடாகக் காணப்படும் வடிவம். சட்டைப்பையில் வைத்தால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். ரப்பர் பேண்டு திரையின் குறுக்கே ஓடுவதால் வந்த அழைப்பை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மின்சார ரயிலில் ஏறிவிட்டாலோ சக்கர ஓசையே மெல்லிய ஒலிகளையெல்லாம் விழுங்கிவிடும். எச்டி 600 போன்ற திறந்த முதுகு ஹெட்போனோ அவ்வோசையை அப்படியே உள்ளே விடும். அமைதியான அறையில் பயன் தரும் கருவி அமைதியான அறைக்கு வெளியே எடுத்துச்செல்லத் தக்கதாகச் செய்யப்பட்டிருக்கிறது.

புளூடூத் ஹெட்போன் உடையவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரார். அவர்களது ஆம்ப் காதுக்குமிழுக்குள்ளேயே இருக்கிறது. புளூடூத் வழியே கேட்கும்போது வெளியே ஒன்று செருக இடமில்லை. எனினும் கடையில் விலை விசாரிப்பதுண்டு.

எஞ்சுவது கைமாறும் சந்தை. கணக்கு வேண்டாம் என்று சொல்லியும் வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் விற்கிறார்கள். கணக்கு வேண்டும் என்று சொன்னவர்கள் அவர்களிடமே வாங்கலாம். அதிகம் பயன்படுத்தவில்லை என்று விற்பவர் சொன்னால் நம்பலாம். ஆனால் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்த லித்தியம் பேட்டரி கெட்டிருக்கக்கூடும். பார்க்க வேண்டியவை இரண்டு: பெட்டியின் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, திருகைத் திருப்பும்போது கரகரக்கிறதா.