ஹிமசகட விசாரணை

கனடா தேசத்து மாண்ட்ரியல் நகரில் உத்தியோகம் பார்க்கும் வாலிபன் ஒருவன், உறைபனிக் காலத்துக்கு உகந்த புது மோட்டார் வண்டி ஒன்றைச் சொற்பச் செலவில் லீஸுக்கு எடுக்க விரும்பினால், அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவனுடையது என்றே விஷயம் அறியாதார் கருதுவர். அப்பொறுப்பு, புதுச்சேரி லாஸ்பேட்டையில் அவனுடைய பெற்றோர், பெரியப்பா, அத்தை, தாய்மாமன், மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஆகியோர் அடங்கிய சபையைச் சார்ந்தது என்பதும், ஞாயிறுதோறும் அச்சபை கைப்பேசியின் முன் வட்டமாகக் கூடுகிறது என்பதும், வண்டியை ஓட்டப்போகிறவனுக்கு அங்கே பார்வையாளன் என்ற அந்தஸ்து மாத்திரமே உண்டு என்பதும் அவ்வட்டாரத்தில் சற்று உலாவியவர் எவரும் அறிவர். பிரெஞ்சு படித்த பிள்ளைகள் பிரெஞ்சு பேசும் நகரத்தை நாடிப் போவது புதுச்சேரியில் இயல்பாகிவிட்ட இக்காலத்தில், இப்பொருள் குறித்து முறையான சாஸ்திரம் ஒன்று இன்னும் இயற்றப்படாதிருப்பது குறையாகவே தோன்றுகிறது.

சாஸ்திரம் என்றால் அதனைக் கற்கத் தகுந்த அதிகாரி யார் என்று முதலில் வரையறுப்பது மரபு. பனியைக் கண்டவன் அதன்மீது கொண்ட அச்சத்தினால் நடுநிலை பிறழக்கூடும் ஆதலால், பனியை ஒருபோதும் காணாதவனே இவ்விசாரணைக்கு உத்தம அதிகாரி என்பது லாஸ்பேட்டை மதம். மாண்ட்ரியலில் ஜனவரி மாதத்துச் சராசரி உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி அளவில் நிற்கிறது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் பனி பொழிகிறது. லாஸ்பேட்டையிலோ, மார்கழி விடியற்காலையில் உஷ்ணமானி 20 டிகிரியை எட்டிப் பார்த்தாலே ஹெலிபேடு மைதானத்தில் நடைபயில்வோர் குல்லாயும் மப்ளரும் அணிந்து, "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிக்கொள்வர்.

இனிப் பிரமாணங்கள். பிரத்தியட்சப் பிரமாணமாக இவர்களிடம் உள்ளவை இரண்டே: குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் படியும் வெண்மை ஒன்று, கதாநாயகன் கம்பளிக் கோட்டும் கதாநாயகி மெல்லிய புடவையும் உடுத்து ஆடும் காஷ்மீரத்துச் சினிமாப் பாட்டுகள் மற்றொன்று. ஆதலின் சபை பெரும்பாலும் அனுமானத்தையே நம்புகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாழ்வான தெருக்களில் நின்ற கார்களெல்லாம் இருக்கை மட்டத்துக்கு நீரில் அமிழ்ந்ததைக் கண்ட தாய்மாமன், "தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே இடைவெளி அதிகம் உள்ள வண்டியே ஆபத்தில் உதவும், நீர் எவ்வாறோ அவ்வாறே பனியும்" என்று அனுமானித்தார். ஆச்சரியம் என்னவெனில், இவ்வனுமானம் பாதி சரியானது. பனியை வாரும் யந்திரம் தெருவை ஒதுக்கிக்கொண்டு போகும்போது ஓரத்தில் நிற்கும் வண்டியின் முன்னே ஒரு வரப்பு எழும்புகிறது. 220 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட சுபாரு கிராஸ்ட்ரெக் அதனை மிதித்துக்கொண்டு வெளியேறும், தாழ்ந்த வண்டி வயிறு தட்டி நிற்கும். நீர் வடிந்துவிடும், பனி வடியாது என்ற மறுபாதியை மாமன் கவனிக்கவில்லை.

அடுத்தது ஆப்த வாக்கியம். பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து அந்நாட்டு ஓய்வூதியத்தை இங்கே வாங்கிவரும் ‘சொல்தா’ தாத்தா ஒருவர் இல்லாத வீதி லாஸ்பேட்டையில் குறைவு. பனியில் மெய்யாகவே வண்டி ஓட்டியவர் அவர் ஒருவரே ஆதலால் சபை அவரை மரியாதையுடன் அழைத்து, நாற்காலி போட்டு, காபி கொடுத்துக் கேட்டது. "ஒரு காத்ரெல் வாங்கிக்கடா தம்பி, வேற எதுவும் வேணாம்" என்றார் அவர். காத்ரெல் என்பது 1961-இல் ரெனோ கம்பெனியார் வெளியிட்டு, 1990-களின் தொடக்கத்தில் உற்பத்தியை நிறுத்திய வண்டி. அன்றியும் ரெனோ கம்பெனியார் இன்று கனடாவில் கார் விற்பதில்லை. ஆப்த வாக்கியம் அனுஷ்டிக்க முடியாததாயினும் அதன் தத்துவம் பிழையற்றது: என்ஜினின் பாரத்தில் பெரும்பகுதி இழுக்கும் முன்சக்கரங்களின் மேலேயே அமர்வதால், வழுக்கும் தரையில் அவை பிடிமானம் கொள்கின்றன. இந்த உண்மையைத் தாத்தா ஒரே வாக்கியத்தில் சொன்னார். பேராசிரியர் அரைமணி நேரம் விளக்கினார்.

இவ்வளவும் பூர்வாங்கமே. சபையை உண்மையாகவே கலக்கிய விஷயம் லீஸ். புதுச்சேரியில் வீட்டைப் போக்கியத்துக்கு எடுப்பவன் ஒரு பெருந்தொகையைச் சொந்தக்காரனிடம் ஒப்படைத்து, வாடகையின்றி வசித்து, காலம் முடிந்ததும் முழுத்தொகையையும் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறான். இந்த தர்மத்தில் ஊறிய அத்தைக்கும் மாண்ட்ரியல் வாலிபனுக்கும் நடந்த சம்வாதத்தை உள்ளது உள்ளபடியே தருகிறேன்.

"மாசாமாசம் கட்டறியே, நாலு வருஷம் முடிஞ்சா எவ்வளவு திருப்பித் தருவான்?"

"அவன் ஒண்ணும் தரமாட்டான் அத்தை. நாமதான் வண்டியைத் திருப்பித் தரணும்."

"கழுவித் துடைச்சா?"

"ஆமாம் அத்தை. கீறல் இருந்தா அதுக்கும் காசு கேப்பான். சொன்ன கிலோமீட்டருக்கு மேல ஓட்டியிருந்தா அதுக்கும் தனியா."

இதன்பின் சபையில் நிலவிய மௌனத்தைக் கலைக்கச் சரித்திரத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. லாஸ்பேட்டை என்னும் பெயருக்குக் காரணராகச் சொல்லப்படும் ழான் லா, ஆங்கிலேயர் 1761-இல் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை 1765-இல் திரும்பப் பெற்று ஆண்ட கவர்னர். அவருடைய பெரியப்பா ஜான் லா என்பவரோ 1716-இல் பாரிஸ் நகரில் வங்கி திறந்து, காகிதத்தைப் பணமாக்கிப் பிரெஞ்சு தேசம் முழுவதையும் கடனில் நம்பிக்கை கொள்ளச் செய்து, 1720-இல் அனைத்தும் சரிய, நாட்டை விட்டே ஓடிப்போனவர். அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பேட்டையில் வாழ்வோர் மாதத் தவணைக் காகிதத்தில் கையெழுத்திடுமுன் இருமுறை யோசிப்பது கிரமமே என்று பேராசிரியர் முடித்தபோது, அத்தை முதல்முறையாக அவரை மரியாதையோடு பார்த்தாள்.

ஆயினும் லீஸின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வாசகர்கள் சற்று நிதானித்துப் படிக்கவேண்டும். மாதத் தவணை என்பது வண்டியின் விலையைப் பொறுத்ததன்று; விலைக்கும், ஒப்பந்தம் முடியும் நாளில் அதற்கு எஞ்சியிருக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. உதாரணமாக, 26,000 டாலர் விலையுள்ள வண்டி நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பங்கு மதிப்பிழக்குமாயின் நஷ்டம் 14,300 டாலர், மாதத்துக்கு ஏறத்தாழ 298. 30,000 டாலர் வண்டி நூற்றுக்கு 40 பங்கே இழக்குமாயின் நஷ்டம் 12,000 டாலர், மாதத்துக்கு 250. வட்டியும் வரியும் இவற்றின்மேல் தனி. ஆகவே மலிவான வண்டி விலையுயர்ந்ததாகவும், விலையுயர்ந்தது மலிவாகவும் மாறும் இந்த மாயாவாதத்தைச் சபையில் உடனே கிரகித்துக்கொண்டவள் அத்தை ஒருத்தியே. பழைய நகையை எடைபோட்டு மாற்றிப் பழகியவர்களுக்கு மீதி மதிப்பு என்பது புதிய செய்தி அன்று.

துரு விஷயத்தில் லாஸ்பேட்டையாரின் ஞானம் ஐயத்துக்கு இடமற்றது. கடற்காற்றின் உப்பு இரும்புக் கதவைத் தின்பதைத் தினம் காண்கிறவர்கள், கியூபெக் மாகாணத்துச் சாலைகளில் பனியை உருக்க உப்பைக் கொட்டுகிறார்கள் என்று கேட்டதும், "அப்படியானால் வண்டியின் அடிப்பாகம் என்ன ஆகும்?" என்று ஏககாலத்தில் வினவினார்கள். துரு முற்றுமுன் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதே அதற்கு விடை. லீஸுக்கு ஆதரவாக இவ்விசாரணையில் கிடைத்த வாதங்களில் இதுவே வலிமை மிக்கது.

எஞ்சியது நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியா, இரண்டு மாத்திரம் இழுக்கும் வண்டியா என்ற மகா விவாதம். நான்கே வேண்டும் என்று பெரியப்பா உறுதியாக நின்றார்; சுபாரு இம்ப்ரெஸாவில் அது சாதாரணமாகவே அமைந்திருப்பதையும் சுட்டினார். வாலிபன் அன்று முதன்முறையாகக் கேளாமலே வாய் திறந்து, "பெரியப்பா, கிளம்பறதுக்குத்தான் அது உதவும். நிக்கறதுக்கு எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்திலயும் உண்டு" என்றான். பனியில் பெரும் விபத்துகள் கிளம்பமுடியாமையால் நேர்வதில்லை, நிற்கமுடியாமையால் நேர்கின்றன என்ற இந்தத் தெளிவு சபையை நிலைகுலைத்தது. வண்டியை நிறுத்துவது டயர். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் பிடிமானத்தை இழக்கிறது. பனிக்கால டயரோ மிருதுவாகவே இருக்கும்படி செய்யப்பட்டு, மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த முத்திரையைப் பக்கவாட்டில் தாங்கி நிற்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

இந்த டயர்கள் பொதுவாக லீஸில் அடங்குவதில்லை. வாலிபன் தன் கைப்பணம் போட்டு வாங்கவேண்டும். ஆயின், வண்டி திரும்பிப் போனாலும் டயர்கள் அவனிடமே இருக்கும் என்றும், கோடைக்காலத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றைப் பத்திரப்படுத்தும் கடைகள் உண்டு என்றும் கேட்ட கணத்தில் அத்தையின் முகம் மலர்ந்தது. "அப்போ அது மட்டும் நம்மளோடது" என்றாள். டயரின்கீழ் வைக்க எலுமிச்சம்பழம் அங்கே கிடைக்குமா என்ற உபவினாவும் எழுந்தது. மாண்ட்ரியலை அடுத்த டொலார்-டெ-ஸோர்மோவில் திருமுருகன் கோயில் இருப்பதால் வண்டிப் பூஜை குறித்துச் சபை கவலைகொள்ள வேண்டியதில்லை. நிறம் பற்றிய வாதத்தை விரிக்க விரும்பவில்லை: வெயிலுக்கு உகந்த வெள்ளை, வெண்பனியில் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

முடிவு இது: முன்சக்கரம் இழுக்கும் நடுத்தர வண்டி, மீதி மதிப்பில் நற்பெயர் எடுத்த டொயோட்டா கொரோல்லா, ஹோண்டா சிவிக் போன்றது, நான்கு சக்கர இழுப்புக்குத் தரவிருந்த பணத்தில் நல்ல பனிக்கால டயர் நான்கு, ஆபீசுக்கும் கோயிலுக்கும் போய்வரும் தூரத்தைக் கணக்கிட்டுக் கேட்ட கிலோமீட்டர் அளவு. செங்குத்து ஏற்றம் வீட்டெதிரே உண்டாயின் மாத்திரம் பெரியப்பாவின் கட்சி ஜெயிக்கும். நவம்பர் மாதத்தில் டயர் மாற்றும் கடைகளில் நேரம் கிடைப்பது அரிதாகையால், இதைப் படிக்கும் லாஸ்பேட்டை அன்பர்கள் தத்தம் பிள்ளைகளை அக்டோபரிலேயே நாள் குறித்துக்கொள்ளச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.