தாத்தாவைச் சுடுவது எப்படி?

காலப் பயணம் போகிறவர்களில் பலருக்கும் முதல் வேலை இதுதான்: தாத்தா பாட்டியைக் கட்டுவதற்கு முன்பே அவரைத் தீர்த்துவிடுவது. தாத்தா போனால் அப்பா இல்லை, அப்பா இல்லாவிட்டால் நீங்கள் இல்லை, பிறகு சுட்டது யார் என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். மனம் தளர வேண்டாம். கீழ்க்கண்டபடி செய்யவும்.

1. வண்டி பிடிக்கவும். தர்க்கவியலாளர் குர்ட் கோடல் 1949-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே வழி கண்டுபிடித்துக் கொடுத்தார்: பிரபஞ்சம் மொத்தமும் சுழன்றால், ராக்கெட்டில் பெரிய சுற்று ஒன்று அடித்து நேற்றைக்கே வந்து இறங்கலாம். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. வேறு நல்ல பிரபஞ்சமாகப் பார்த்துக் குடியேறவும்.

2. பில்லியர்ட்ஸ் பந்தில் பழகவும். இது இயற்பியலாளர் ஜோசப் போல்சின்ஸ்கி போட்ட புதிர். பந்து ஒரு புழுத்துளைக்குள், அதாவது காலவெளியின் குறுக்குவழிக்குள், போகிறது. போன நேரத்துக்குச் சற்று முன்னதாகவே மறுவாய் வழியாக வெளியே வந்து, உள்ளே போகவிருக்கும் தன்னையே இடித்துத் தள்ளுகிறது. அப்படியானால் உள்ளே போனது எது? இயற்பியலாளர் கிப் தோர்னின் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பந்து இடிக்க வேண்டாம், லேசாக உரசினாலே போதும். உரசலில் அது கொஞ்சம் கோணலாக உள்ளே போகும். கோணலாகப் போனதால்தான் வெளியே வரும்போது இடிக்காமல் உரசும். கணக்கும் இடிக்கவில்லை.

3. குறி பார்க்கவும். தத்துவப் பேராசிரியர் டேவிட் லூயிஸ் 1976-இல் எழுதிய கட்டுரையில் வரும் டிம் உங்களுக்கு முன்னோடி. 1957-இல் படுக்கையில் காலமான தாத்தாவைச் சுட 1920-க்குப் போய், 1921-இல் குறி பார்த்தவன். முதல் தரமான துப்பாக்கி, இருபது கஜ தூரம், காற்றுகூட அசையவில்லை. அவனால் முடியுமா? கையையும் துப்பாக்கியையும் மட்டும் பார்த்தால், தாராளமாக. தாத்தா 1957 வரை இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முடியவே முடியாது. அவனைத் தடுக்க எமனோ காலதேவனோ புறப்பட்டு வர வேண்டியதில்லை. ஒரு தும்மல் போதும்.

4. சுட்டே தீருவேன் என்பவர்கள் இயற்பியலாளர் டேவிட் டாய்ச்சை அணுகவும். 1991-இல் அவர் காட்டிய வழியில், நீங்கள் போய்ச் சேர்வது வேறொரு கிளை உலகம். அங்கே குண்டு பாயும். ஆனால் விழுகிறவர் அந்த உலகத்தில் பிறக்காமல் போகும் இன்னொருவரின் தாத்தா. உங்கள் தாத்தா இங்கே சௌக்கியம். கொலைப்பழி மட்டும் உங்களுக்கு.

5. டிக்கெட் எடுக்குமுன் குடும்ப ஆல்பத்தைப் புரட்டவும். தாத்தாவின் காதோரம் பழைய தழும்பு ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் தைரியமாகக் கிளம்பலாம். நீங்கள் போய் வந்தாகிவிட்டது.