குதிரைக்கு நீச்சல் தெரியும்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். நிஜக் குதிரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் என் ஆசை நுழைந்தது. எங்கள் ஊரான பாயா ரும்புட்டிலிருந்து செங் தாண்டிப் போனால் கிளேபாங் கடற்கரை. காசு கொடுத்தால் குதிரைச் சவாரி. ஊரே அங்கே தேங்காய் ஷேக் குடிக்கப் போகிறது. நான் குதிரையோடு கடலில் நீந்தப்போவதாக வீட்டில் அறிவித்தேன்.

“உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே?”

“குதிரைக்குத் தெரியும்.”

பொய்யில்லை. பெரிய நுரையீரல் இருப்பதால் ஐந்நூறு கிலோ உடம்பும் மிதந்துவிடும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அஸாட்டீக் தீவுக் குதிரைகளை ஜூலை மாதம் சின்கோட்டீக் தீவுக்கு நீந்தவிடும் வழக்கம் 1925-இல் தொடங்கியது. அதுவும் நீரோட்டம் அடங்கும் நேரம் பார்த்துத்தான். அந்தக் குதிரைகளின் முதுகில் ஒருவரும் உட்காருவதில்லை என்பதை மனைவியிடம் நான் சொல்லவில்லை.

ஏனென்றால் சிக்கலே முதுகில் இருக்கும் ஆள்தான். குதிரை மூக்கால் மட்டும் மூச்சுவிடும் பிராணி. வாயால் விடத் தெரியாது. நீந்தும்போது தலையும் கொஞ்சம் கழுத்தும்தான் வெளியே. பயத்தில் கடிவாளத்தை இழுத்தால் தலை பின்னுக்குப் போய், மல்லாந்து நம் மேலேயே கவிழும். ஆழம் வந்ததும் கடிவாளத்தைத் தளர்த்த வேண்டும். ஆனால் அது காலில் சிக்கிவிடக் கூடாது. பிடரி மயிரைப் பிடித்தபடி பக்கவாட்டில் நழுவி, தோளோரம் மிதந்து போக வேண்டும். முன்பக்கம் போனால் முன்னங்கால் அடி, அதுவும் லாடத்தோடு. தலையைத் தூக்கவிடாமல் பிடிக்கும் வார் ஏதும் இருந்தால் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட் நமக்கு.

கடிவாளத்தை விடுவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. எங்கள் வீட்டில் அது என் கையில் இருந்ததில்லை. ‘மிதந்து’ என்ற இடத்தில்தான் வயிறு கலங்கியது.

கடைசியில் நானும் குதிரையும் முழங்கால் தண்ணீர்வரை போனோம். குதிரை நின்று, முன்னங்காலால் நீரைத் தட்டியது. “என்னைப் பிடிச்சிருச்சு பாரு!” என்று கரையைப் பார்த்துக் கையசைத்தேன்.

“அங்கிள்! ஜாலான், ஜாலான்!” என்று அலறினான் குதிரைக்காரப் பையன். அப்படித் தட்டினால் படுத்துப் புரளப் போகிறதாம். ‘ஜாலான்’ என்றால் நட; நிற்கவிடாமல் நடத்த வேண்டுமாம். அவனே இழுத்து நடத்தினான். நான் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கரையில் மனைவி தேங்காய் ஷேக்கை உறிஞ்சியபடி, “லைஃப் ஜாக்கெட் உங்க சைஸ்ல இருக்கான்னு கேளுங்க!” என்றாள்.

இன்னும் ஆழத்துக்குப் போகலாமா என்று பையன் கேட்டான். குதிரையின் நலன் கருதி மறுத்துவிட்டேன்.