சதுரம் சரிவகமாகும் முறைமை: பின்னல் பயில்வோரின் முதற்பொருள் பற்றிய ஓர் ஆய்வு

பின்னற்கலை பயிலத் தொடங்குவோர் தாம் செய்யப்போவது இன்ன பொருள் என்று சுற்றத்தார்க்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஊசியை எடுப்பதும், செய்து முடித்தது வேறொரு பொருளாக இருப்பதும், அந்த வேறொன்றுக்கு வீட்டார் கூடிப் பெயரும் பயனும் கண்டுபிடிப்பதும், இக்கலை வழங்கும் இடங்களில் எல்லாம் காணப்படும் ஒழுங்காகும். பயிற்சி நூல்கள் இவ்வொழுங்கைக் கண்டுகொள்வதில்லை. அவை கழுத்துத் துணியால் நேர்ப்பின்னலும், குல்லாயால் வட்டப்பின்னலும், விரிப்பால் ஓரம் கட்டுதலும் கைவரும் என்று வரிசை வகுத்துச் செல்கின்றன. அவ்வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஒவ்வொரு பயிற்சிப் பொருளும் தனக்கே உரிய ஒரு பிழையைக் கற்பிப்பதற்கென அமைந்தது. திறன் என்பது அப்பிழையைச் செய்து முடித்தவருக்கு உடன் கிடைக்கும் உபரி மட்டுமே.

ஆய்வுக்குள் புகுமுன் சில சொற்களை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். நூலை வளைத்து மற்றொரு வளைவின் வழியே இழுப்பதால் உண்டாகும் அலகு கண்ணி எனப்படும். இயந்திரப் பின்னலில் ஒரு வரிசையிலுள்ள கண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்த நிலையில், கண்ணிக்கு ஓர் ஊசியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். குரோஷாவிலோ முனையில் கொக்கி உடைய ஒற்றை ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். ஏனையவை அவ்வப்போதே மூடப்பட்டுவிடும். இந்த வேறுபாட்டிலிருந்தே இரு கலைகளின் பிழையியலும் கிளைக்கிறது. இயந்திரத்தில் ஒரு கண்ணி நழுவினால் அது தனக்குக் கீழுள்ள கண்ணிகளையும் அவிழ்த்துக்கொண்டு ஏணிபோல் இறங்கும். குரோஷாவில் நூல்முனையைப் பிடித்திழுத்தால் செய்தது அனைத்தும் தொடக்கம்வரை அவிழும். முன்னது ஒரு தூணின் சரிவு, பின்னது ஓர் ஆட்சியின் கவிழ்ப்பு.

திறந்த கண்ணி ஒன்றே ஒன்றாயினும், குரோஷா ஊசி அடுத்து எங்கு நுழையும் என்பது முற்றிலும் கைக்குரியவரின் விருப்பம். இவ்விருப்பத்தை எந்திரமாக்க இன்றுவரை தொழில்துறையால் இயலவில்லை; குரோஷா இயந்திரம் என்ற பெயரில் ஆலைகளில் ஓடுவது பாவு நூலைக்கொண்டு பின்னும் வேறுவகைப் பொறியே. இயந்திரப் பின்னலின் வரலாறோ மிகப் பழமையானது. இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் கால்வர்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-இல் காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார் என்பதும், கையால் பின்னிப் பிழைப்போரின் வயிற்றில் அடிக்கும் என்று முதலாம் எலிசபெத் அரசி அதற்கு உரிமம் மறுத்தார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள். தான் விரும்பிய பெண் தன்னை ஏறெடுத்தும் பாராமல் பின்னிக்கொண்டே இருந்ததால் சினந்து அவர் இப்பொறியைச் செய்தார் என்றொரு கதையும் உண்டு. அக்கதை மெய்யோ பொய்யோ, பின்னிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் மறுமொழி வராது என்பதற்கு அது நல்ல சான்று: அவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

லீயின் சட்டகத்தில் வளைந்த தாடி போன்ற முனையுடைய ஊசி இருந்தது. 1840-களின் பிற்பகுதியில் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்செண்ட் என்பவர் கொக்கியின் கீழே திறந்து மூடும் சிறு நாக்கொன்றை அமைத்தார். ஊசி முன்னே செல்கையில் பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு பின்னே நகரும்; கொக்கியில் புதுநூல் விழும்; ஊசி திரும்பி வருகையில் அதே பழைய கண்ணி நாக்கை மூடிவிட்டு, புதுநூலின்மேல் தாண்டிக் குதித்து வெளியேறும். திருப்பூரில் வட்ட இயந்திரங்களில் பனியன் துணி பின்னும் ஊசிகளும், லூதியானாவில் ஸ்வெட்டர் பின்னும் தட்டை இயந்திரங்களின் ஊசிகளும், வீட்டு மேசையில் திருகிட்டுப் பொருத்தும் சிறு இயந்திரத்தின் ஊசிகளும் இந்த ஒரே தத்துவத்தால் இயங்குகின்றன. ஆகவே வீட்டில் ஒருவர் செய்யும் பிழை கோட்பாட்டளவில் திருப்பூர்த் தரத்ததே என்று கொள்ளத் தடையில்லை.

இனிப் பிழைகளின் வகை. தமிழிலக்கணம் புணர்ச்சியில் நிகழும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுத்திருக்க, பின்னலுக்கெனப் புதுவகை காண முயல்வது வீண் உழைப்பு. இல்லாத கண்ணி வந்து சேர்வது தோன்றல். இருக்கும் கண்ணி வேறு நிலையுறுவது திரிதல். இருக்கவேண்டியது இல்லாமற் போவது கெடுதல். இயல்பு என்னும் நான்காவது நிலையும் இலக்கணத்தில் உண்டு; அதாவது இரு சொற்களும் மாற்றமின்றிச் சேர்தல். முதற்பொருளில் அதற்கு எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கெடுதலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு குரோஷாவில் செய்யப்படும் சதுரம். நெடிய கண்ணிகளால் ஆன வரிசையைத் தொடங்கும்போது உயரம் ஒத்துவரும் பொருட்டு மூன்று சங்கிலிக் கண்ணிகள் போடப்படும். அம்மூன்றும் சேர்ந்து அவ்வரிசையின் முதற்கண்ணியாகக் கணக்கிடப்படும். அடுத்த வரிசை திரும்பி வந்து முடியும் இடத்தில் இச்சங்கிலியின் உச்சியில் ஊசி நுழையவேண்டும். பயில்வோரின் கண்ணுக்கு அது கண்ணியாகத் தோன்றுவதில்லை. ஆகவே அதை விட்டுவிட்டுத் திரும்புகிறார். வரிசைக்கு ஒன்றாகக் குறைய, 30 கண்ணிகளில் தொடங்கியது இருபது வரிசைகள் கழித்து 10 கண்ணிகளில் நிற்கிறது. வேலை ஒரு வரிசை வலமும் மறு வரிசை இடமுமாகத் திரும்புவதால் இழப்பு இருபுறமும் சமமாகப் பங்கிடப்பட்டு, உருவம் இருசமபக்கச் சரிவகமாகிறது. தவறு செய்பவர் அறியாமலே சமச்சீர் கைவருவது இங்கு வியக்கத்தக்கது. விடாப்பிடியாக மேலும் பத்து வரிசைகள் பின்னினால் சரிவகம் முக்கோணமாகிவிடும், முக்கோணம் சால்வை எனப்படும், சால்வையைப் போர்த்திக்கொள்ளலாம். எனவே இப்பிழையைப் பாதியில் உணர்ந்து நிறுத்துவதே உண்மையான நட்டம்.

இதற்கு ஒரு புறனடை உண்டு. வரிசைத் தொடக்கத்தில் சங்கிலியின் அடியிலும் ஒரு கண்ணி போட்டு, முடிவில் உச்சியை விட்டுவிடுபவர்க்குத் தோன்றலும் கெடுதலும் ஒருங்கே நிகழ்ந்து, எண்ணிக்கை சரியாக இருக்க, ஓரங்கள் மட்டும் உள்ளும் வெளியுமாக அலையும். எண்ணிப் பார்த்தால் குற்றமில்லை, கண்ணால் பார்த்தால் குற்றம் உண்டு என்னும் இந்நிலை தணிக்கைத் துறையினர்க்குப் பழக்கமானது.

இயந்திரத்தில் கெடுதல் வேறு அளவினது. ஊசித்தட்டின்மேல் இடமும் வலமுமாக நகர்ந்து நூலை எல்லா ஊசிகளுக்கும் ஊட்டும் உறுப்பை வண்டி என்று அழைக்கலாம். 200 ஊசிகள் கொண்ட வழக்கமான வீட்டு இயந்திரத்தில் இவ்வண்டியை ஒருமுறை தள்ளினால் ஒரு வரிசை முடியும். கையால் பின்னுவோர் கால்மணி நேரம் செலவிடும் வேலை அது. ஆனால் நூலை வண்டியில் கோக்க மறந்து தள்ளினாலும் வண்டி அதே விசுவாசத்துடன் செல்லும். ஊசிகள் ஒவ்வொன்றும் முன்சென்று, புதுநூல் கிடைக்காமல், பழைய கண்ணியை முறைப்படி உதறிவிட்டுத் திரும்ப, மாலை முழுதும் பின்னிய துணி, அதை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட எடைகளோடு சேர்ந்து தரையில் விழும். இயந்திரத்தின் மேல் பழி இல்லை. அது தன் கடமையை ஓர் ஊசிக்கும் குறைவின்றிச் செய்திருக்கிறது. அறிந்தோர் தொடக்கத்தில் சில வரிசைகள் வேற்றுநிற வீண்நூலால் பின்னிக்கொள்வது துணியின் முதற்கண்ணிகளைத் திறந்த நிலையில் காக்கவே. மேலே சொன்ன வீழ்ச்சியைத் தடுக்க வீண்நூலாலும் ஆவதில்லை.

தோன்றலின் ஆய்வு மேலும் வளமானது. அதனால் விளைந்த நன்மை கணிதத்துக்கும் சென்றிருக்கிறது. குரோஷாவில் தட்டையான வட்டம் பின்ன, குறுங்கண்ணி ஆறில் தொடங்கிச் சுற்றுக்கு ஆறாகக் கூட்டிச் செல்லவேண்டும் என்பது விதி: 6, 12, 18, 24. காரணம் எளிது. குறுங்கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் ஒரு கண்ணி உயரம் வளர, சுற்றளவு அதன் இருமடங்குப் பை அளவு, அதாவது 6.28 மடங்கு, வளரவேண்டும். தசமத்தைக் கைவிட்டால் ஆறு. கண்ணி இருமடங்கு உயரமானதாயின் பன்னிரண்டு. இவ்விதியிற் குறைந்தால் வட்டம் குழிந்து கிண்ணமாகிறது. மிஞ்சினால் ஓரம் நெளிந்து கொசுவமாகிறது. உற்சாக மிகுதியால் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டுச் செல்பவர் ஏழாம் சுற்றில் 42 கண்ணிகள் இருக்கவேண்டிய இடத்தில் 384 கண்ணிகளுடன் நிற்பார்; அதை எந்த மேசையும் தட்டையாக ஏற்காது.

இவ்வாறு நெளிந்த பொருளை வீட்டார் நகைக்க நேர்ந்தால் அவர்கள் கவனத்துக்குக் கொண்டுவரவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரு புள்ளி வழியே ஒரு நேர்கோட்டுக்குப் பல இணைகோடுகள் செல்லத்தக்க அதிபரவளையத் தளம் என்னும் வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்க்கக் கணிதவியலார் நெடுங்காலம் வழி தேடினர். காகித வளையங்களை ஒட்டிச் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்தன. லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா தைமினா, மாறா விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிச்சென்றால் இத்தளம் குரோஷாவில் உறுதியாக அமைகிறது என்று 1997-இல் பின்னிக் காட்டினார். அது பற்றி அவர் எழுதிய நூல் 2009-ஆம் ஆண்டின் மிக விசித்திரமான தலைப்புக்கான டயகிராம் பரிசையும், பின்னர் 2012-இல் கணிதநூலுக்கான ஆய்லர் பரிசையும் பெற்றது. மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்னும் சகோதரியர் 2005-இல் இதே உத்தியைக் கையாண்டு நூலால் பவளப்பாறை வளர்க்கத் தொடங்கினர். இவர்கள் தெரிந்து கூட்டினார்கள், பயில்வோர் தெரியாமல் கூட்டுகிறார்கள் என்பதைத் தவிர விளைபொருளில் வேற்றுமை காண்பதரிது.

திரிதல் என்பது பெரும்பாலும் கழுத்துத் துணியில் நிகழ்வது. இயந்திரம் பின்னும் நேர்ப்பின்னல் துணியின் முன்புறமும் பின்புறமும் ஒத்த இயல்பின அல்ல. வளைக்கப்பட்ட நூல் நிமிர முயல்வதால் பக்க ஓரங்கள் பின்புறமாகவும், மேல்கீழ் ஓரங்கள் முன்புறமாகவும் சுருள்கின்றன. ஐயமுள்ளோர் பழைய பனியனிலிருந்து ஒரு பட்டையை வெட்டி இழுத்துப் பார்க்கலாம், அது கயிறாகிவிடும். ஒருநாள் மாலையில் முடித்துவிடக்கூடியது என்று எல்லோரும் பரிந்துரைக்கும் கழுத்துத் துணி, இவ்வாறு அணிபவர் கழுத்தில் குழாயாகத் தொங்கும். இடையிடையே ஊசிகளை வேலையிலிருந்து விலக்கிப் பின்னுவதும், ஒரே ஊசியில் இரண்டு வரிசை நூலைச் சேர்த்துவிடும் அடுக்குக் கண்ணியும் சுருளைத் தணிக்கும். மாவாட்டுவதுபோல் கைப்பிடியைச் சுற்றும் 22, 40 அல்லது 48 ஊசி வட்டப்பொறிகள் முதலிலேயே குழாயைத்தான் பின்னும். எனவே அவற்றில் சுருளும் சிக்கல் இல்லை. குழாயின் இரு முனைகளையும் நூல்கோத்து இறுக்கி, ஒன்றை மற்றொன்றுக்குள் புகுத்தினால் இரட்டைக் குல்லாய். தொடக்கப் பொருளுக்கு இதனினும் பொருத்தமானது வேறில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. ஏனெனில் மார்கழி அதிகாலையில் தலையை மூடுவது எதுவாயினும் குல்லாயே.

மாதிரித் துண்டு பின்னி அளந்துவிட்டுப் பின்னரே உடை பின்னவேண்டும் என்பது எல்லா நூல்களும் ஒருமித்துக் கூறும், எல்லாப் பயில்வோரும் ஒருமித்துக் கைவிடும் விதி. பத்து சென்டிமீட்டருக்கு 28 கண்ணி என்று எண்ணி 140 ஊசிகளில் பின்னினால் முன்பக்கம் 50 சென்டிமீட்டர் வரும். உண்மையில் 25 கண்ணியே அமைந்திருந்தால் அது 56 ஆகும். பின்பக்கமும் அவ்வாறே ஆக, மார்புச் சுற்று 12 சென்டிமீட்டர் மிகும். அளந்தவர்க்கும் இடர் உண்டு: எடை தொங்க நீண்டிருக்கும் துண்டை இயந்திரத்திலிருந்து எடுத்த உடனே அளந்தால் அது பொய் சொல்லும், துவைத்துக் கிடத்திய பின்னரே மெய் சொல்லும். ஸ்வெட்டர் பெரிதானால் அது மாமனாருக்கும் சிறிதானால் பேரனுக்கும் உரியதாகிறது.

இதனோடு சொற்சிக்கல் ஒன்றும் உண்டு. பிரித்தானிய நூல்கள் இரட்டைக் குரோஷா என்று குறிக்கும் கண்ணியை அமெரிக்க நூல்கள் ஒற்றைக் குரோஷா என்கின்றன. அமெரிக்க இரட்டை பிரித்தானியர்க்கு மும்மை. பிரித்தானிய முறையில் பயின்றவர் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துச் செய்தால் விரிப்பு பாதி உயரத்தில் முடிந்துவிடும்.

முடிந்த பொருள்கள் சென்றடையும் இடம் பற்றியும் கூறவேண்டும். முன்னாளில் பெட்டி வடிவத் தொலைக்காட்சியின் அகன்ற மேற்பரப்பும், வானொலியும், டேப் ரெக்கார்டரும், தண்ணீர்க் கூஜாவும் குரோஷாப் பொருள்களைப் பெருமளவில் ஏற்றுக்கொண்டன. சரிவகமோ கொசுவமோ, மேலே ஒரு பொம்மையோ பூச்சாடியோ வைத்துவிட்டால் குறை தெரியாது. தொலைக்காட்சி தட்டையாகிச் சுவரில் ஏறிய பின் இவ்வடைக்கலம் மறைந்தது. கைப்பேசியின் மேல் விரிப்பு நிற்பதில்லை. இக்காலப் பயில்வோர் பிழையை மறைக்க இடமின்றி அணியத்தக்க பொருள்களை நாடுவதற்கும், கிண்ணமாகக் குழிந்த வட்டங்களுக்குள் பஞ்சடைத்துக் கரடி, ஆமை முதலிய பொம்மைகளாக்கும் ஜப்பானிய வழக்கத்தை விரும்பித் தழுவுவதற்கும் இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

ஆகவே பின்னல் பயிலப் புகுவோர் தம் முதற்பொருளின் பெயரை அது முடிந்த பிறகே வீட்டாருக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.